அடிவாரம் போய்ச் சேரும்வரை

மலையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அடிவாரம் வரைக்கும்தான் வரும். அதற்கு மேலே உள்ள தூரத்துக்கு மனிதர்களின் கால்களும் தோள்களும்தான் வண்டி. கோவை நகருக்குள் வலி வந்தால் கொஞ்ச நேரத்தில் ஈ.சி.ஜி. எடுத்துவிடலாம். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் ஆறாவதில் அதே வலி வந்தால், ஆளைக் கீழே கொண்டுவரவே பல மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரமும் நோயாளிக்கு டாக்டர், நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் எல்லாமே உடன் வந்தவர்கள்தான்.

நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து மே வரை வனத்துறை மலையேற அனுமதிக்கும் காலத்தில், மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள் எங்கள் பிரிவுக்கு வருவது உண்டு. எங்கள் ஊர்க் கூட்டத்தோடு நானும் மலையேறுகிறவன். மேலேயும் கீழேயும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். மலையில் உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் பெரிய வைத்தியம் கிடையாது. முதல் அறிகுறி தெரிந்ததுமே, "உட்காருங்கள், இனி ஏற வேண்டாம்" என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

ஆக்சிஜன் குறைவு என்ற நம்பிக்கை

வெள்ளியங்கிரியில் யாருக்காவது மூச்சு வாங்கினால் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது, "மேலே ஆக்சிஜன் கம்மி" என்பதுதான். உடனே ஒருவர் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்து மூக்கருகே நீட்டுவார். கொஞ்சம் முகர்ந்துவிட்டு மறுபடி ஏறத் தொடங்குவார்கள்.

கணக்குப் பார்ப்போம். வெள்ளியங்கிரியின் உச்சி சுமார் 1,800 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடி விளையாடுகிறார்கள், பாட்டிமார்கள் காய்கறி மூட்டையோடு மேடேறுகிறார்கள். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆகவே வெள்ளியங்கிரியிலோ சதுரகிரியிலோ பர்வதமலையிலோ ஒருவருக்கு அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால், காற்றின் மேல் பழி போட வேண்டாம். அவருடைய இதயத்தையும் நுரையீரலையும் பற்றித்தான் யோசிக்க வேண்டும். கற்பூர வாசம் மூக்கைத் திறந்ததுபோன்ற உணர்வைத் தரும். ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றாது. அது தரும் பொய்யான தெம்பில் இன்னும் நூறு படி ஏறிவிடுவதுதான் ஆபத்து.

மலை ஏறும்போது இதயத்துக்கு என்ன நடக்கிறது? வருடம் முழுக்கக் கல்லாவிலோ கணினி முன்னாலோ உட்கார்ந்திருந்தவர், ஒரே இரவில் ஏழு மலை ஏறுகிறார். பலரும் சூரிய உதயம் பார்க்க ராத்திரியே கிளம்புவதால் தூக்கம் இல்லை. முதல் மலையே செங்குத்தான கல்படிகள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏற ஏற, இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படுகிறது. ரத்தக்குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்து பாதை குறுகியிருந்தால் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது. படிந்த கொழுப்பு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு. தண்ணீர் குடிக்காமல் வேர்த்துக் கொட்டியிருந்தால் இதயத்தின் சுமை இன்னும் கூடும். வீட்டில் இருக்கும்வரை எந்தத் தொந்தரவும் காட்டாத அடைப்பு, மலையில்தான் முதன்முதலாக வெளியே தெரியும்.

வாயு இல்லை, மாரடைப்பு

ஒருமுறை ஐந்தாவது மலையைத் தாண்டும்போது எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணன் ஒரு பாறையோரம் நின்றுவிட்டார். விடியலுக்கு முந்தைய குளிர்காற்று. மற்றவர்கள் எல்லாம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்க, அவருடைய சட்டைக் காலர் மட்டும் வேர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. கையைப் பிடித்தேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. இன்னொரு கையால் தாடையை நீவிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி, வாயு புடிச்சுக்கிச்சு. நேத்து ராத்திரி தின்ன பரோட்டா."

"நெஞ்சுல எப்படி இருக்குதுங்கண்ணா?"

"வலியெல்லாம் இல்லீங்க. ஒரு பாரம். கல்லைத் தூக்கி வச்சாப்ல."

கூட்டத்தில் ஒருவர் சோடா இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் முதுகைத் தட்டி ஏப்பம் வரவைக்கப் பார்த்தார். நடுநெஞ்சில் பாரம், தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிரிலும் வேர்வை, வெளுத்த முகம். இவை சேர்ந்து வந்தால், மாரடைப்பு இல்லை என்று ஈ.சி.ஜி. சொல்லும்வரை அதை மாரடைப்பாகவே நடத்த வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் கவனம் தேவை. நரம்புகள் மரத்துப்போயிருப்பதால் அவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீரென்று மூச்சுத் திணறலும் வேர்வையும் தாங்க முடியாத சோர்வும் மட்டும் தெரியும்.

அண்ணனைப் பாறையில் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார வைத்தேன். மூச்சுத் திணறுகிறவருக்கும் நெஞ்சு பாரமாக இருக்கிறவருக்கும் அந்த நிலைதான் சுகம். மட்டமாகப் படுக்க வைத்தால் திணறல் கூடும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா, வயிற்றுப்புண்ணோ ரத்தக்கசிவோ உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னேன். மென்றால் சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும். ரத்தம் மேலும் உறைவதை அது தடுக்கும். கூட்டத்தில் ஒரு பெரியவர் தன்னிடமிருந்த சார்பிட்ரேட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. நாக்கடியில் வைக்கும் அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். நாடி மெலிந்து கை சில்லிட்டுக் கிடக்கிற ஆளுக்கு அதைக் கொடுத்தால் ஆபத்தாகிவிடும். டாக்டர் யாருக்கு எழுதிக் கொடுத்தாரோ அவர்தான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணனுக்கு நடுவில் கொஞ்சம் தெளிந்தது. "பாதியில திரும்புனா சாமி குத்தமாயிருமுங்க, மெதுவா ஏறிடறேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். "அண்ணா, ஆண்டவர் பூண்டி அடிவாரத்துலயும்தான் இருக்கறாரு. அங்க போய்க் கும்புடலாம்" என்றேன். நடக்கவே விடவில்லை. ஏறுவது மட்டுமல்ல, இறங்கி நடப்பதும் அந்த இதயத்துக்கு வேலைதான். ஆளைத் தூக்கிச் செல்லும் டோலிக்குச் சொல்லி அனுப்பி, வரும்வரை கம்பளியால் போர்த்தி, நாடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தோம். கீழே எடுத்த ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று கடைக்கு வருகிறவர்களில் யாராவது மலைக்குப் போவதாகச் சொன்னால், "ஈ.சி.ஜி. எடுத்தாச்சா?" என்று அவரே கேட்கிறார்.

நின்றுபோன இதயம்

ஆள் சாய்ந்துவிட்டார், தட்டிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு திணறல் மட்டும் வருகிறது என்றால், இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். கெட்டியான சமதரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நெஞ்சு நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மற்றக் கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். நெஞ்சு 5 சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விட வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் வாயில் ஊத வேண்டிய கட்டாயம் இல்லை, அழுத்துவதை நிறுத்தாமல் இருந்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், கை சோர்ந்தால் அழுத்தம் குறைந்துவிடும்.

மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பக்கத்தில் இல்லாத மலையில், நின்றுபோன இதயத்தை மீட்பது மிகக் கடினம். அரை மணி நேரம் விடாமல் செய்தும் உயிரின் எந்த அடையாளமும் திரும்பவில்லை என்றால் நிறுத்தலாம் என்று காட்டுப்பகுதி மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குளிரில் விறைத்தவரும் மின்னல் தாக்கியவரும் இதற்கு விதிவிலக்கு, அவர்களுக்கு இன்னும் நீண்ட நேரம் முயல வேண்டும். இதயம் நிற்பதற்கு முன்னால், ஒருவர் பாறையோரம் நின்று வாயு என்று சொல்கிறாரே, அந்த நேரம்தான் நம் கையில் இருக்கும் நேரம். அதனால்தான் ஆரம்பத்திலேயே உட்கார வைப்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வெயில், பட்டினி, குளிர்

பங்குனி, சித்திரை வெயிலில் இறங்குகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து. தலைசுற்றல், வாந்தி, கால் குடைச்சல், வேர்வை என்றால் வெப்பத்தால் வந்த அயர்ச்சி. நிழலில் படுக்க வைத்து, ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுத்தால் தெளிந்துவிடுவார். பாக்கெட் இல்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே இருப்பதும் கெடுதல், ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். உடல் நெருப்பாகக் கொதித்து, ஆள் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அது வெப்பத்தாக்கு. உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். இருக்கிற தண்ணீரையெல்லாம் அவர் உடம்பின் மேல் ஊற்றித் துண்டால் விசிறுங்கள். குளிர்விப்பதுதான் முதல் வேலை, தூக்கிச் செல்வது அதற்குப் பிறகு.

விரதம் இருந்து ஏறும் சர்க்கரை நோயாளிகள் பலர். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல எடுத்துக்கொண்டு மலையேறினால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுக்கம், வேர்வை, எரிச்சலான பேச்சு, குழப்பம். நினைவோடு இருந்தால் உடனே மூன்று, நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது வழக்கம். விடிகாலை, பனிபோன்ற தண்ணீர், மேலே போகப் போகச் சுழற்றியடிக்கும் காற்று. ஈர வேட்டியோடு அந்தக் காற்றில் நிற்பது உடல்சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். பல் கிட்டி நடுங்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. நாக்குக் குழறி, கால் தடுமாறி, நடுக்கம் நின்றுபோனால் அதுதான் ஆபத்தின் அடையாளம். ஈரத்துணியைக் களைந்து உலர்ந்த துணி போர்த்துங்கள். கல்தரையில் நேரடியாகக் கிடத்தாமல் அடியிலும் ஒரு கம்பளி விரியுங்கள். விழுங்க முடிந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது கொடுங்கள். கைகாலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். குளித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மாற்று வேட்டியையும் துண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

பாம்பு, தேனீ, சுளுக்கு

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது மூன்றும் வேண்டாம். கடிபட்ட காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. மலைத்தேனீ கூட்டமாக வந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவதே வழி. கூடு இருக்கும் பாறைக்கு அருகில் புகை, பட்டாசு, வாசனைத் தைலம் எதுவும் கூடாது. கொட்டிய பிறகு உதடும் நாக்கும் வீங்கி, மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. அட்ரினலின் ஊசி ஒன்றுதான் அதற்கு மருந்து. முன்பே இந்த ஒவ்வாமை வந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு அதைக் கையோடு வைத்திருக்க வேண்டும். சுளுக்கா முறிவா என்று தெரியாவிட்டால் முறிவு என்றே எடுத்துக்கொண்டு, மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டுங்கள். கட்டிய பிறகு கால்விரல் நீலம் பாய்கிறதா, மரத்துப்போகிறதா என்று பார்த்துத் தளர்த்துங்கள்.

தூக்கி இறக்குவது எப்படி

செல்போனில் சிக்னல் இல்லாத இடம் நிறைய. உங்கள் நெட்வொர்க் கிடைக்காத இடத்திலும் 112-ஐ முயன்று பாருங்கள், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போய்விடும். அதுவும் முடியாவிட்டால் ஆளைத்தான் அனுப்ப வேண்டும். தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த மலை, பக்கத்தில் என்ன அடையாளம், நோயாளியின் வயது, என்ன ஆனது, எத்தனை மணிக்கு, என்ன மருந்து கொடுத்தோம், நடக்க முடியுமா, உடன் எத்தனை பேர் இருக்கிறோம். வாய்வழியாக ஆள் மாற்றி ஆள் சொல்லும்போது ஆறாவது மலை மூன்றாவது மலை ஆகிவிடும். விசில் இருந்தால் நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஊதுங்கள். உலகம் முழுதும் மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்த அபாய அறிவிப்பு அது.

டோலி வரத் தாமதமானால் நீங்களே ஒன்று செய்யலாம். வெள்ளியங்கிரியில் ஏறுகிற எல்லார் கையிலும் மூங்கில் கம்பு இருக்கும். ஒரு கம்பு தாங்காது, இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்டி இரண்டு தண்டுகள் தயார் செய்யுங்கள். கம்பளியை விரித்து, மூன்றில் ஒரு பங்கு தள்ளி முதல் தண்டை வையுங்கள். ஓரத்துக் கம்பளியை அதன் மேல் மடியுங்கள். மடித்த பகுதியின் மேலே, ஆள் படுக்கும் அகலம் விட்டு, இரண்டாவது தண்டை வைத்து மீதியையும் மடித்துப் போடுங்கள். ஆளின் கனமே கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், முடிச்சே தேவையில்லை. முதலில் நல்ல உடம்போடு இருக்கும் ஒருவரைப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். ஆறு பேர் தூக்க, இன்னும் ஆறு பேர் மாற்றுக்குத் தயாராக வேண்டும். இறங்கும்போது கால் முன்னால் போகட்டும், தலை எப்போதும் மேட்டுப் பக்கம்.

உள்ளூர்க்காரர்களின் பேச்சைக் கேளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, முதலில் மேலே ஓடியவர்கள் பக்கத்துக் கிராமத்து மக்கள்தான். எந்தத் தடம் எங்கே போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இமயமலைக்குப் போகிறவர்களுக்கு

வெள்ளியங்கிரியில் சொன்ன கணக்கு அங்கே செல்லாது. கேதார்நாத் 3,583 மீட்டர். கௌரிகுண்ட்டில் நடக்கத் தொடங்கி ஒரே நாளில் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறார்கள். அமர்நாத் குகை 3,888 மீட்டர். கைலாய வலத்தில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் உண்மையிலேயே குறைவு, உடம்பு பழக நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒவ்வொரு இரவும் தூங்கும் இடத்தின் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு குமட்டலும் பசியின்மையும் வந்தால் அன்றைக்கு அதற்கு மேல் ஏற வேண்டாம். படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலை ஒட்டி அடுத்த காலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள், தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் இறக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரும் மாத்திரையும் இறக்குவதற்கு உதவிதான், இறக்குவதற்குப் பதில் ஆகாது.

கிளம்புவதற்கு முன்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், குடும்பத்தில் மாரடைப்பு வந்தவர்கள் மலைக்குப் போகுமுன் டாக்டரைப் பாருங்கள். ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலே அடைப்பு இல்லை என்று ஆகாது. நடக்க வைத்து எடுக்கும் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நடந்து, படியேறிப் பழகுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முதல் நாள் குடித்துவிட்டு ஏறாதீர்கள். வழக்கமான மாத்திரை, ஆஸ்துமா இருப்பவருக்கு இன்ஹேலர், ஓ.ஆர்.எஸ்., ஆஸ்பிரின், கட்டுத்துணி, டார்ச், விசில், ஒரு கம்பளி. இவ்வளவும் ஒரு பையில் அடங்கிவிடும்.

எங்கள் கூட்டத்தில் அடிவாரத்திலேயே ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்கிறோம். யார் எந்த மலையில் "முடியவில்லை" என்று சொன்னாலும், ஏன் எதற்கு என்று விசாரிக்காமல் இரண்டு பேர் அவரோடு திரும்ப வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்பதும் ஏறுமுன்னரே பேர் சொல்லித் தீர்மானமாகிவிடும். திரும்பியவரைப் பிறகு யாரும் கேலி பேசக் கூடாது. அவமானமாகிவிடும் என்ற பயத்தில்தான் பலரும் நெஞ்சின் பாரத்தை வாயு என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறார்கள். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால், உண்மையை அவர் நேரத்திலேயே சொல்லிவிடுவார். அடுத்த முறை உங்கள் கூட்டம் கிளம்பும்போது, வண்டியிலிருந்து இறங்கியதும் இதை முதலில் பேசி முடியுங்கள். கம்பு வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.